மைச்சிமிழில் இருந்த அப்பம்

எனக்கு முதலில் தொண்டையில் நின்றது சோறு இல்லை. நற்கருணை அப்பம்.

வில்லியனூருக்குத் தெற்கே, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பங்கு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கிராதிக்கு முன்னால் (பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே உள்ள தாழ்வான மரத்தடுப்பு) முழந்தாளிட்டு நாக்கை நீட்டினால் சாமியார் அப்பத்தை வைப்பார். ‘நன்மை வாங்குவது’ என்று சொல்வோம். காகிதம் போல மெல்லிய கோதுமை வட்டம். பல்லில் படாமல் விழுங்க வேண்டும். கையால் தொடும் பேச்சே இல்லை. அது ஆண்டவருடைய சரீரம். குருவானவரின் விரல் மட்டும்தான் தொடலாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு ஞாயிறு, வாங்கிய நன்மை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் எப்போதாவது ஒட்டுவதுதான். எச்சில் ஊறினால் இறங்கிவிடும். எனக்கு எச்சில் ஊறவில்லை. தொண்டையை யாரோ உள்ளிருந்து முடிச்சுப் போட்டு இழுத்ததுபோல இருந்தது. பூசை முடிந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஸ்தோத்திரம் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். “பிலோமினாவுக்கு இன்னா இவ்ளோ பெரும?” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினேன். கையை எடுத்தபோது அப்பம் என் உள்ளங்கையில் இருந்தது. ஓரம் கொஞ்சம் கரைந்து, பிறைபோல மடிந்திருந்தது.

நன்மையைக் கையில் எடுத்தவளின் விரல்கள் பட்டுப்போன கதை, வீட்டுக்குக் கொண்டுபோனவளின் முந்தானையில் இரத்தம் வழிந்த கதை எல்லாம் உபதேசியார் (கோயிலில் வேதபாடம் சொல்லித்தருபவர்) எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார். பயத்தைப் பாலோடு ஊட்டி வளர்த்த தலைமுறை நாங்கள். தூக்கிப் போட முடியாது, அது ஆண்டவர். மறுபடி வாயில் போட்டுக்கொள்ளவும் துணிவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. மாதா சொரூபம் இருந்த மாடத்தில் ஒரு வெள்ளி முலாம் பூசிய சிமிழ் இருந்தது. என் அம்மா வீட்டில் கொடுத்தது. குழந்தைக்கு மை கூட்டி வைப்பதற்காகக் கொடுத்தார்கள். அதில் மை வைக்கவே இல்லை. அப்பத்தை அதில் வைத்து மூடினேன்.

அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிமிழில் அப்பத்தை வைத்த நாளுக்கு நான்கு மாதம் முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை செத்துப் பிறந்தது. தலைப்பிரசவம். மருத்துவச்சி எனக்கு முகத்தைக் காட்டவில்லை. துணியில் சுற்றி, என் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் கையில் கொடுத்துவிட்டாள். ஞானஸ்நானம் பெறாத குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, நடுவில் ஓரிடத்தில் இருக்கும் என்று படித்திருந்தோம். அப்படிப்பட்ட குழந்தைக்குத் துக்க மணி அடிப்பதில்லை. மந்திரித்த மண்ணில் (சாமியார் ஆசீர்வதித்த கல்லறைத் தோட்டத்தில்) இடமும் கிடையாது. வேலிக்கு வெளியே, வாய்க்கால் பக்கமாக, கள்ளி மண்டிய ஒரு மூலை அதற்கென்று இருந்தது. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

“அழுவாத, அடுத்த வருஷமே ஒண்ண பெத்துக்குவே” என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மார்பில் கட்டிய பால் வடிவதற்குள் அந்தக் குழந்தையைப் பற்றிய பேச்சு ஊரில் நின்றுபோனது. பேர் இருந்தாலாவது சொல்லி அழலாம். பேரும் இல்லை.

சிமிழுக்குள் அப்பம் வந்த பிறகு வீடு மாறிவிட்டது. வீட்டில் இருப்பது ஆண்டவர் என்றால் விளக்கு எரிய வேண்டும். கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் அணையா விளக்கு எரிகிறதே. நானும் ஒரு சிட்டி விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன். மாடத்துக்கு முதுகைக் காட்டமாட்டேன். அந்த அறையில் சாப்பிடமாட்டேன், உரக்கப் பேசமாட்டேன். மீன் வாங்குவதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் அங்கே சட்டையைக் கழற்றினால்கூட எனக்குப் பொறுக்காது. காரணம் கேட்பார், எரிந்து விழுவேன்.

பகல் பொழுதுதான் மோசம். அவர் பாண்டிச்சேரியில் ஒரு மில்லில் வேலை செய்தார், சைக்கிளில் போய்விடுவார். உச்சி வேளையில் கரும்புத் தோகை உரசும் சத்தம் தவிர ஊரில் வேறு சத்தமே இருக்காது. அப்போது மாடத்திலிருந்து மூச்சு விடும் சத்தம் கேட்கும். சின்ன மூச்சு. சளி கட்டிய குழந்தை விடுவதுபோல. இரத்தம் கசிகிறதா என்று திறந்து பார்ப்பேன். அப்பம் அப்படியே இருக்கும். மூடுவேன். மறுபடி கேட்கும். உள்ளே இருப்பது ஆண்டவரா, அவளா என்று எனக்கே குழம்பிப்போனது. இதைப் பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கேட்டது.

அதன்பின் சோறும் நின்றது. முதலில் கெட்டியானவை, பிறகு குழைந்த சோறு, கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இரண்டு மடக்குக்கு மேல் இறங்காது. வளையல்கள் முழங்கை வரை ஏறின. கோயிலில் நன்மை வாங்கப் போகாமலிருக்க ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பூசைக்கு முன்னால் எதையாவது சாப்பிட்டால் நன்மை வாங்கக்கூடாது என்பது சட்டம். “காபி குடிச்சிட்டேன்” என்பேன். வாரா வாரம் காபி குடித்துவிட்டு வருகிறவளை ஊர் சும்மா விடுமா? ஏதோ சாவான பாவத்தில் (ஆன்மாவையே கொல்லும் பெரும்பாவம்) இருக்கிறாள் என்று பேசினார்கள். அதையும் நான் நம்பினேன்.

என்னுடைய ஓர்ப்படி (கணவரின் அண்ணன் மனைவி) செசிலி அக்காதான் என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த வீடுதான் அவளுக்கு. வாயாடி, ஆனால் கண் கூர்மையானவள்.

“இன்னா மச்சான், பொண்டாட்டி குச்சியா போயி நிக்கிறா, நீ பாட்டுக்கு மில்லுக்கும் வூட்டுக்கும் சைக்கிள் மிதிக்கிற? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்னு போ.”

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள். சுண்ணாம்புக் குழம்பு போன்ற ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள் (பேரியம் என்ற அந்த மருந்து இறங்கும் வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும்). மடக்கு மடக்காக அதைக் குடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், “தொண்டையில ஒண்ணுமே இல்லம்மா” என்றார். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருக்கும். எனக்குக் கண்ணீர் வந்தது. கட்டி என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டிக்கு ஒரு மரியாதை உண்டு, ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் ஒரு சீட்டு எழுதி வேறு பிரிவுக்கு அனுப்பினார். மனநோய்ப் பிரிவு. நீளமான வராந்தாவில் பெஞ்சு. எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். தூக்கம், பசி, வீட்டு வேலை என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டே வந்தார். சத்தம் ஏதாவது கேட்கிறதா என்றும் கேட்டார். மத்தியானத்தில் மூச்சுச் சத்தம் என்றேன். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

“எத்தன கொழந்தைங்கம்மா?”

“இல்லீங்க” என்றேன்.

“ஒண்ணு” என்றார் என் வீட்டுக்காரர். “ஒண்ணு, டாக்டர். பொண்ணு.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதங்களில் அந்த வீட்டில் யாரும் அவளை எண்ணவில்லை. இந்த மனிதர் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கேயே அழ ஆரம்பித்தேன். டாக்டர் தடுக்கவில்லை, வெளியே காத்திருந்தவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எனக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய் (வெறும் வருத்தமல்ல; தூக்கம், பசி, நினைப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் நோய்). பிரசவத்துக்குப் பின்னால், குழந்தையைப் பறிகொடுத்த பின்னால், பெண்களுக்கு வருவது உண்டு என்றார் டாக்டர். துக்கம் வெளியே வர வழியில்லாமல் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது; மூச்சுச் சத்தமும் நோயில் சேர்ந்ததுதான் என்றார். மாத்திரை கொடுத்தார். வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக்கூடாது, இவளைத் தனியாக விடக்கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது முதலில் வாயைக் காயவைக்கும். விழுங்க முடியாதவளுக்கு வாயைக் காயவைக்கும் மாத்திரை! எரிகிற கொள்ளியில் எண்ணெயா என்று திட்டினேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்கு அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினார். தூக்கம்தான் முதலில் திரும்பியது. மூச்சுச் சத்தம் மெதுவாகத் தேய்ந்தது. ஆனால் சிமிழ் அங்கேயே இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

செசிலி அக்கா மத்தியானங்களில் என்னோடு வந்து உட்கார ஆரம்பித்தாள். வந்த முதல் நாளே எங்கள் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். “எனக்குத் தண்ணி வேணும்னா?” என்றேன். “என்ன கூப்புடு, நான் சேந்தித் தரேன்” என்றாள். ஏன் எடுத்துப் போனாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த நினைப்பு எனக்கு வந்திருந்தது உண்மைதான். உங்களுக்கும் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். எல்லோருக்கும் கேட்காமலே கயிற்றை எடுத்துப் போகும் ஓர்ப்படி வாய்க்கமாட்டாள்.

முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே ஜெபமாலை சொல்வாள். நடுநடுவே ஊர் வம்பும் வரும். “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடங்கி, “அந்த ஆரோக்கியத்தோட கோழி மறுபடியும் நம்ம தோட்டத்துல பூந்துச்சு பாரு” என்று போய், மறுபடி மாதாவிடமே வந்துசேருவாள். என்னைச் சொல்லச் சொல்லமாட்டாள். முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் சொல்லும் ஜெபம் அது; இரண்டு பங்கையும் அவளே சொல்லுவாள். ஜெபம் சொல்ல வாய் வராத காலத்தில் எனக்குப் பதிலாக ஒருத்தி சொன்னாள் என்பதை நான் மறக்கவில்லை.

ஒருநாள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“ஏன்டி, நீ ஏன் மாதாவுக்கு முதுகே காட்ட மாட்டேங்கற? நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கற. பாரு, நான் எம்மாம் நேரமா முதுக காட்டிக்னு குந்தியிருக்கேன். மாதா இன்னா கோவிச்சிக்கினாங்களா?”

சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை காலமாயிற்றோ. அந்தச் சிரிப்பிலேயே தொண்டை கொஞ்சம் இளகி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய்ச் சிமிழை எடுத்துத் திறந்து காட்டினேன்.

முறம் சாய்ந்து உளுந்து கொட்டியது. செசிலி அக்கா முழந்தாளிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இவளும் என் வீட்டுப் படி ஏறமாட்டாள் என்று நினைத்தேன்.

“அடிப் பாவி” என்றாள் கடைசியில். அவள் கண் கலங்கியிருந்தது. “சாமிய வூட்ல வெச்சிக்னு ஒத்தையிலயே கெடந்து பயந்தியாடி? என்ன ஒரு கொரலு கூப்புட்டிருக்கக் கூடாது? நானும் வந்து கூடக் குந்தியிருப்பேனே.”

திட்டு வரும் என்று காத்திருந்தவளுக்கு இது வந்தது.

மறுநாள் மாலை இருவரும் சாமியார் பங்களாவுக்குப் போனோம். சிமிழை முந்தானைக்குள் ஏந்திக்கொண்டு நடந்தேன். எங்கள் பங்குச்சாமியார் வயதானவர். காது கொஞ்சம் மந்தம். அவரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவத்தை இரகசியமாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்வதென்றால் அடுத்த தெரு வரை கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். நான் சொன்னது முதல் தடவை அவருக்கு எட்டவில்லை. இரண்டாம் தடவை கத்திச் சொன்னேன். ஒளித்து வைத்திருந்ததை அவ்வளவு உரக்கச் சொன்னது எனக்கே பயமாக இருந்தது. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகவும் இருந்தது.

அவர் சிமிழைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இத்தன நாளும் வெளக்கு வெச்சியா?”

“வெச்சேன் சாமி. அணையவிடல.”

“நம்ம கோயில்புள்ள வாரத்துல ரெண்டு நாளு எண்ணெ ஊத்த மறந்துடறான்” என்றார். “நீ மறக்கலையே.”

பட்டுப்போகும் என்று பயந்திருந்த என் விரல்களை நான் பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் நிதானமாக விளக்கினார். நோயால் வெளியே வந்தது பாவம் ஆகாது. அப்பம் அப்பமாக இருக்கும்வரைதான் ஆண்டவர் அதில் இருக்கிறார். தண்ணீரில் போட்டு உருத்தெரியாமல் கரைந்தபின் அது வெறும் தண்ணீர். அதையும் மரியாதைக்காக, ஆள் மிதிக்காத மண்ணில் ஊற்ற வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தானே அப்பத்தை அதில் விட்டார். சில நாள் கழித்து வரச் சொன்னார்.

“சாமி, ஆள் மிதிக்காத எடம்னா…” என்று இழுத்தேன். “அந்த மூலையில ஊத்தலாமா?”

“எந்த மூல?”

“மந்திரிக்காத மூல, சாமி. என் கொழந்த இருக்கற எடம்.”

இது அவர் காதில் முதல் தடவையே விழுந்தது. டம்ளரின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார். அதைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

“எடத்த நான் சொல்லல” என்றார். “ஆள் மிதிக்காத எடம்னு மட்டுந்தான் சொன்னேன். நீ பாத்துக்க.”

அந்தத் தண்ணீரை வாங்கிவந்த அன்று என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்துபோனார். “அந்த எடத்த எனக்குக் காட்டுங்க” என்றேன்.

வெயில் சாய்ந்திருந்தது. கல்லறைத் தோட்டத்து வேலியைச் சுற்றிக்கொண்டு போனோம். கள்ளிக்கு அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தேடுவார் என்று நினைத்தேன். அவர் தேடவில்லை. புல்லுக்கு நடுவே ஓர் ஒற்றையடித் தடம் இருந்தது. ஒரே ஆள் நடந்து நடந்து தேய்ந்த தடம். அது ஓர் அரைச் செங்கல்லுக்குப் பக்கத்தில் போய் முடிந்தது.

வேலை முடிந்து தாமதமாக வரும் நாட்களில் எல்லாம் சங்கிலி கழன்றது, டயர் பஞ்சர் என்று சொல்லுவார். அந்த சைக்கிளைத் தலைமுழுகுங்கள் என்று நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

தண்ணீரை ஊற்றினேன். மண் உடனே குடித்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர மண்ணின் மேல் கையை வைத்தார்.

“நானும் ஒண்ணு பண்ணிட்டேன்” என்றார். “யாருகிட்டயும் சொல்லல. இங்க எடுத்துக்னு வர்றப்போ உடம்புல சூடு கொஞ்சம் இருந்துச்சு. உன்னோட சூடுதான். எனக்குத் தெரியும். உசுரு இல்லாததுக்கு ஞானஸ்நானம் குடுக்கக் கூடாதுன்னு மருத்துவச்சி சொல்லித்தான் அனுப்பிச்சா. மனசு கேக்கல. வாய்க்கா தண்ணிய கையில அள்ளி ஊத்திட்டேன். பேரு சொல்லி ஊத்தணுமில்ல. ஒரே ஒரு பேருதான் வாயில வந்துச்சு.”

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பிலோமினா” என்றார்.

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’தான் எனக்குப் பேர். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகே விளங்கியது. அன்றைக்கு அவருடைய வாயில் வந்த ஒரே பேர் அதுதான். அதை அவளுக்கு வைத்துவிட்டார்.

அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அன்றுதான். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில், ஒரு வருஷத்துக்கு மேல் ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டு கிடந்திருக்கிறோம். அவர் தோளில் கை வைத்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் பசிக்கிறது என்றேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மாத்திரையை இன்னும் நெடுநாள் சாப்பிட்டேன். மழைக்காலத்தில் ஒரு தடவை தொண்டை மறுபடி இறுகியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடுத்த பாஸ்கு (உயிர்ப்புத் திருநாள்) பூசையில்தான் கிராதிக்குப் போனேன். செசிலி அக்கா எனக்கு இடப்பக்கம் முழந்தாளிட்டு, “ஒட்டிக்கிச்சின்னா என் கையப் புடி” என்று கிசுகிசுத்தாள். ஒட்டத்தான் செய்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக இறங்கியது.

பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். டாக்டர்கள் எத்தனை குழந்தைகள் என்று கேட்டால் மூன்று என்கிறேன். என் தொண்டையை நான் இன்னும் முழுதாக நம்புவதில்லை. மனதில் எதையாவது மூடி வைத்தால் அது எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு இறுகும். அப்போது யாரையாவது தேடிப் போய்ச் சொல்லிவிடுகிறேன். சிமிழ் மாடத்தில் இருக்கிறது, காலியாக. ஆளில்லாத மத்தியானங்களில் அதைக் காதோடு வைத்துக் கேட்பதுண்டு. ஒன்றும் கேட்பதில்லை. கேட்காதது நல்லதுதான் என்று தெரிந்தும் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

அந்தப் பேரில் என் பாதி எங்கே முடிகிறது, அவள் எங்கே தொடங்குகிறாள் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்கு வயதாகிறது, அதே பேரில் வேலிக்கு வெளியே இருப்பவளுக்கு ஆவதில்லை. தெருவிலோ கோயிலிலோ யாராவது “பிலோமினா” என்று கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. ஒரு நொடி பொறுக்கிறேன். வேறு யாரும் பதிலுக்கு ‘இன்னா’ என்று கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்புகிறேன்.